சூப்பிரண்டுக்கு நாலு சக்கரம்

கடைக்காரர் எடையைத்தான் முதலில் கேட்டார்.
கூண்டு முப்பது கிலோ, பலகை பத்து,
உள்ளே இருப்பது ஒன்றேகால் என்றேன்.
உள்ளே என்னம்மா?
ஓணான் மாதிரி ஒன்று.
வேலியில் போனதை எடுத்து
வேட்டியில் விட்டுக்கொண்ட கதையா என்று சிரித்து
நாலு சக்கரத்தையும் தினத்தாளில் சுற்றினார்.
பிரேக் வைத்தது என்றால்
ஒன்றுக்கு எழுபது ரூபாய் கூட.
வேண்டாம் என்றேன்.
எங்கே ஓடிவிடப் போகிறது?

வேலியில் போனதில்லை அது.
ரெக்ஸ் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ராத்திரி
ஒத்தக்கடைக்கு ஆட்டோவில் வந்து இறங்கியது,
"ஆறே மாசம்க்கா" என்ற வாக்கோடு.
இது இரண்டாவது ஆடி.
இகுவானா என்று ரசீதில் இருக்கிறது.
பச்சை உடம்பு, தாடைக்குக் கீழே தொங்கும் தோல்,
எந்தப் பக்கம் போனாலும்
அரைக்கண்ணால் என்னைப் பார்க்கும் பார்வை.
எங்கள் பத்திர ஆபீஸ் சூப்பிரண்டு
லீவு லெட்டரை அப்படித்தான் பார்ப்பார்.
பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று
ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் எடுப்பார்கள்.
அன்றைக்கு அதன் சூட்டு விளக்கு வெறும் கண்ணாடி.
போன மாதம் வெயில் விழுந்த இடத்துக்கெல்லாம்
கூண்டைத் தரையில் இழுத்துக்கொண்டு போனேன்.
மூன்று நாள் இடுப்பு
ஆபீஸ் நாற்காலிக்கு உடன்படவில்லை.

பலகைக்கு அலையவில்லை.
சீர்வரிசையோடு போய்
வழக்கு முடிந்து திரும்பி வந்த கட்டில்
மாடிப்படிக்கு அடியில் கிடந்தது.
தலைமாட்டில் மயில் செதுக்கியிருக்கும்.
நாலடிக்கு இரண்டடி அளந்தபோது
பென்சில் கோடு மயிலின் கழுத்தில் வந்தது.
கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன்.
தள்ளினால் மூலை ஒன்று குறைந்தது.
அறுத்துவிட்டேன்.
கீழ்வீட்டு ஷாகுல் டிரில்லைக் கொடுத்தார்,
பிட் கொடுக்க மறந்துவிட்டார்,
மறுபடி இறங்கிப்போய் வாங்கி வந்தேன்.
பதினாறு திருகு. இரண்டு கோணல்.
நல்ல தேக்கு. அப்பா ஏமாந்திருக்கவில்லை
கட்டிலில் மட்டும்.

கூண்டை ஏற்றி வைத்துவிட்டுப் படுத்தேன்.
இரண்டு மணிக்கு
ஒரு கடகடப்பு.
எழுந்து விளக்கைப் போட்டால்
கூண்டு வாசல் கதவில் இடித்து நிற்கிறது,
சூப்பிரண்டு உள்ளே கிளையைப் பிடித்துக்கொண்டு
ஊர் மாற்றல் உத்தரவு வந்தவர் மாதிரி.
சுவரோரம் கொண்டுபோய் விட்டேன்.
கையை எடுத்ததும்
அவசரமே இல்லாமல் மறுபடி கிளம்பியது.
கழுவிவிட்ட தண்ணீர் வாசலுக்கு ஓடுவதைப்
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.
வீடு சாய்ந்திருக்கிறது என்று
ஒருநாளும் தோன்றியதில்லை.

மயிலின் தலை குப்பையில் கிடந்தது.
அலகுப் பக்கம் ஆப்பு மாதிரி சரிவு.
சக்கரத்தடியில் காலால் தள்ளினேன்.
தேருக்கு முட்டுக்கட்டை போட்டதுபோல்
நின்றது.

இன்றைக்கு மறுபடி கரண்ட் இல்லை.
லீவு லெட்டரில் "சொந்த வேலை" என்று எழுதியிருக்கிறேன்.
சமையலறை ஜன்னலில் ஆனைமலை படுத்திருக்கிறது.
அதற்குச் சக்கரம் தேவையில்லை,
வெயில் தானே வந்து
மத்தகத்தில் ஏறி வாலில் இறங்கும்.
எங்களுக்கு அப்படியில்லை.
ஏழரைக்குக் கூடம், பத்துக்கு வாசல்,
பிறகு சாமான் அறையின் உடைந்த ஓட்டுக்குக் கீழே
ஒரு முறம் அளவு வெளிச்சம்.
மயிலை எடுக்கிறேன், தள்ளுகிறேன்,
மயிலை வைக்கிறேன்.
முருங்கைக்கீரையைத் தின்று முடித்து
செம்பருத்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறது.
நான் இன்னும் காபி குடிக்கவில்லை.

ரெக்ஸ் போனில் வந்தான்.
இந்த வருசமும் வர முடியாதாம்.
உலகனேரியில் ஒரு ஃபிரண்டு இருக்கிறான்,
ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வான்,
உனக்கு எதுக்குக்கா சிரமம் என்றான்.
வெயில் கதவுப் பக்கம் நகர்ந்திருந்தது.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தள்ளினேன்.

நூற்றி நாற்பது ரூபாய் அனுப்புடா என்றேன்,
ரெண்டு சக்கரமாவது
பிரேக் வச்சது வாங்கணும்.