பருப்பு வேகாத உயரம்

இங்கே பருப்பு வேகாது.
மிரட்டலுக்குச் சொல்லவில்லை.
கடலுக்கு மேலே நாலாயிரம் மீட்டர்;
தண்ணீருக்கு அவசரம்,
சூடேறி முடிக்கும் முன்பே கொதித்துவிடுகிறது.
உள்ளே அவரைக்கொட்டை மட்டும்
காலையில் போட்டது மாலையிலும் கல்.

மலை என்றால் ஏறி இறங்குவது என்றிருந்தேன்.
இது ஏறியபின் இறங்க மறந்த மலை.
விரித்த பாய்போல் தட்டை,
ஓரங்களில் பனிச்சிகரங்கள்
பாய் பறக்காமலிருக்க வைத்த கற்கள்.
ஆறுகள் உண்டு, கடலுக்கு வழி தெரியாதவை.
நடுவில் எங்கேயோ உட்கார்ந்து
உப்பாகிவிடுகின்றன.
மேற்கே ஏரி இருந்த இடத்தில்
ஒரு படகு நிற்கிறது, துடுப்போடு.
அதன் நிழலில் லாமாக்கள் அசைபோடுகின்றன.

நிக்கனோரா வில்கா வானத்தைத் திட்டுகிறாள்.
ஜூன் மாதத்தில் மேகத்துக்கு இங்கே என்ன வேலை?
இச்சுப் புல்லைப் பரப்பி, அதன்மேல்
கோலிக்குண்டு அளவில்
பதினோரு மூட்டை உருளைக்கிழங்கு.
இரவில் உறையவேண்டும், பகலில் இளகவேண்டும்,
மிதித்தால் நீர் விடவேண்டும்.
அப்புறம் வருடக்கணக்கில் கெடாத
கரிய சுன்யோ.
மூன்று இரவாய் உறைபனி இல்லை.
மேகம் கம்பளியாய்ப் போர்த்தி
நிலத்தைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறது.
இரக்கம் கூடாத நேரத்தில்
இரக்கம்.

வேலிக்கு அப்பால் தியோதோசியோவின் கிழங்கு.
வேலி என்றது முழங்கால் உயரக் கல்வரிசையை.
அவன் அதை இரண்டு முழம் நகர்த்தினான் என்று இவளும்
காற்று நகர்த்தியது என்று அவனும்.
ஆறு வருடமாய்ப் பேச்சில்லை.
சுரங்கத்தில் தூசு தின்ற நுரையீரல் அவனுக்கு;
திங்கட்கிழமை லாரியில் ஏற்றி
ஒரூரோவுக்குக் கொண்டுபோனார்கள்.
பரப்பிய கிழங்கு பரப்பியபடி.

அயமாரா மொழியில்
கண்ணுக்கும் கடந்ததற்கும் ஒரே சொல்.
பார்த்தது முன்னால் நிற்கிறது,
வரப்போவது முதுகுக்குப் பின்னால்.
தமிழும் ஒருநாள் அப்படித்தான் நின்றிருக்கும்:
முன்பு என்றால் போனது,
பின்பு என்றால் வருவது.
நாம்தான் எப்போதோ
திரும்பிக்கொண்டோம்.

நாலாம் இரவு அவள் உறங்கவில்லை.
வாசலில் வாளித் தண்ணீர் வைத்து
சத்தத்துக்குக் காத்திருந்தாள்.
கன்னத்தில் ஒதுக்கிய கோக்கா இலை கசந்து தீர்ந்தது.
இரண்டு மணிக்கு மேகம் கலைந்தது.
நட்சத்திரங்கள் மிக அருகில்,
கூரைத் தகரத்தில் அறைந்த ஆணிகளாய்.
அப்புறம் வாளிக்குள் யாரோ
மெல்ல நெட்டி முறித்தார்கள்.

அதற்குப் பின் மூன்று இரவும் அப்படியே.
ஏழாம் நாள் வெயில் ஏறியதும்
கிழங்கைச் சிறு குவியல்களாக்கி
வெறுங்காலோடு ஏறினாள்.
தோல் வழுக்கியது, நீர் பீச்சியது.
தூரத்திலிருந்து பார்த்தால் ஆட்டம்.
கிட்டே வந்தால் மூச்சிரைப்பு,
வெடித்துச் சிவந்த குதிகால்.
சட்டைக்குள் செல்பேசி அதிர்ந்தது.
சாவோ பாவ்லோவில்
தையல் ஆலை இடைவேளையில் மகன்.
"ரொம்பக் குளிராம்மா?"
"நல்ல குளிர்" என்றாள்.
"கடவுள் புண்ணியத்தில், கடுங்குளிர்."
மிதிப்பதை நிறுத்தவில்லை.

தன்னுடையது முடிந்தபோது மத்தியானம்.
கல்வரிசைக்கு அந்தப் பக்கம்
அவன் கிழங்கு கருத்துக் கசியத் தொடங்கியிருந்தது.
நின்றாள்.
ஸ்பானிய மொழியில் ஒரு கெட்ட வார்த்தை,
அயமாராவில் அதைவிட நீளமாய் இன்னொன்று.
பாவாடைகளைத் தூக்கிச் செருகிக்கொண்டு
கல்லைத் தாண்டினாள்.

பொழுது சாய மிதித்து முடித்து
பத்துக்கு இரண்டு தன் கூடையில் போட்டாள், கூலி.
திரும்பும்போது
வரிசையின் முதல் கல்லை மட்டும்
இரண்டு முழம்
பழைய இடத்துக்கு உருட்டி வைத்தாள்.

காற்று செய்ததாக இருக்கட்டும்.