லாரி டயருக்குள் ஒரு கண்மாய்

ஒத்தக்கடையில்,
யானைமலை எட்டிப் பார்க்கிற திருப்பத்தில்
மொக்கச்சாமி பஞ்சர் கடை.
கடைக்குப் பின்னால்
யாருக்கும் ஆகாத லாரி டயர் ஒன்று
படுத்தே கிடக்கும்.
ஐப்பசி மழை மூன்று நாள் பெய்ததில்
அதன் வயிறு நிறைந்துவிட்டது.

நான்காம் நாள் எட்டிப் பார்த்தோம்.
கூழ் மாதிரி ஏதோ மிதந்தது,
கூழுக்குள் கறுப்பு கறுப்பாய்ப் புள்ளிகள்.
"சர்பத்துடா! சப்ஜா விதை போட்ட சர்பத்து!"
சோலைராஜ் விரலை விட்டு நக்கப் போனான்.
தஸ்லிமா பட்டென்று ஒன்று வைத்தாள்.
"முட்டைடா. தவளை முட்டை."
அன்று முழுக்க அவன்
கையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

அப்புறம் ஒரு நாள்
முற்றுப்புள்ளி எல்லாம் காற்புள்ளி ஆனது.
வால் முளைத்ததற்குப் போய்
காற்புள்ளி என்று ஏன் பெயர்?
கால் இனிமேல்தானே வரும்?
தமிழ் மிஸ்ஸிடம் கேட்டேன்.
உட்காரச் சொன்னார்.

அந்தக் காற்புள்ளிக்குத் தலைப்பிரட்டை என்று பேர்.
மீனைப் போலச் செவுளால் மூச்சு விடும்,
டயர் சுவரில் படிந்த பாசியைச்
சுரண்டிச் சுரண்டித் தின்னும்.
தவளைக்குப் பிறந்தது என்று
சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாது.

இரண்டாவது வாரம்
டார்ச் லைட்டோடு பவுலின் அக்கா வந்தார்,
கொசு ஒழிப்பு வேலை.
"தேங்குன தண்ணி. கொட்டணும்."
"கொட்டாதீங்கக்கா, தவளை கொசுவைத் தின்னும்!"
"சரி. இப்ப என்ன தின்னுது?"
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
"...பாசி."
அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"பத்து நிமிஷம்."

ட்யூப் முக்குகிற சட்டியைத் தூக்கினோம்.
"டேய், அப்ப நான் எதுல முக்குறது?"
மொக்கச்சாமி கத்தினது கேட்கவில்லை.
டீ கிளாஸால் மொண்டு மொண்டு ஊற்றினோம்.
அறுபத்தொன்று வரை எண்ணினேன்,
ஒன்று துள்ளி என் காலரில் விழ
கணக்கு போச்சு.

கண்மாய் வரைக்கும் நடை.
பாதித் தண்ணீர் என் கால்சட்டையில்.
கரையோரம், கோரைப்புல் நிழலில்
மெல்லச் சாய்த்துவிட்டோம்.
"கெண்டை தின்னுராதா?" என்றாள் தஸ்லிமா.
தின்னும். நிறைய தின்னும்.
அதனால்தான் அத்தனை முட்டை.

கடைக்குத் திரும்பினால்
சட்டியின் மூலையில் ஒருத்தன் மிச்சம்!
மறுபடி நடக்க யாருக்கும் தெம்பில்லை.

அவனுக்குப் பின்னங்கால் முதலில் வந்தது,
முன்னங்கால் பிறகு.
நான்கு காலும் வந்தபின்
ஐந்து நாள் ஒன்றும் தின்னவில்லை.
பாசி சுரண்டுகிற வாயை
பூச்சி பிடிக்கிற வாயாக
மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.
அதுவரை சோறு? அவன் வால்தான்!
வால் அறுந்து விழவில்லை,
உடம்புக்குள்ளேயே கரைந்துபோனது.

நடுவில் ஒரு சாயங்காலம்
மொக்கச்சாமி ட்யூப்பை முக்கினார்.
குமிழி இரண்டு இடத்தில் வந்தது.
ஒன்றைக் கண்டுபிடித்து ஒட்டினார்.
மறுபடி முக்கினால் இன்னொன்று
குப் குப் என்று வந்துகொண்டே இருந்தது.
குனிந்து பார்த்தார்.
நுரையீரல் வந்துவிட்ட குட்டி
மேலே வந்து காற்று வாங்கிப் போகிறது.
"இதுக்கு நான் எங்க போயி ஒட்டுறது?"

அன்றைக்கே சட்டிக்குள்
அரைச் செங்கல் ஒன்றை வைத்தார்.
ஏறி உட்கார இடமில்லாவிட்டால்
குட்டித் தவளை தண்ணீரிலேயே
மூழ்கிச் செத்துப்போகுமாம்.

ஒரு காலையில் செங்கல் மேல் யாருமில்லை.

இப்போது மழை பெய்த ராத்திரிகளில்
கண்மாய்ப் பக்கம் கொர்ர் கொர்ர்.
ஆண் தவளைகள்தான் கத்தும்,
தொண்டைக்கடியில் பை உப்ப உப்ப.
"பம்பு இல்லாமக் காத்தடிக்கிறானுக"
என்கிறார் மொக்கச்சாமி.
தவளை தன் வாயால் கெடும் என்கிறார்களே,
கத்தாவிட்டால் அடுத்த வருஷம்
டயருக்குள் சர்பத்து ஏது?

செங்கல் இன்னும் சட்டிக்குள் இருக்கிறது.
பைக்காரர்கள் எதற்கு என்று கேட்டால்
"ஆள் வர்ற இடம்" என்பார்,
ட்யூப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே.