சந்தேகத்துக்கு இடம்

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவில்
ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு கம்ப்யூட்டர்.
இங்கிலீஷைத் தமிழாக்கித் தருவேன்.
பக்கத்துக்கு அறுபது ரூபாய்.
கெட்ட சேதிக்கும் அதே ரேட்.

சோனாங்குப்பத்திலிருந்து அஞ்சலாட்சி வந்தார்.
ஐஸ் பெட்டிக்குள் விரிக்கிற பாலித்தீனில் சுற்றி
இன்சூரன்ஸ் கம்பெனிக் கடிதம்.
ஐப்பசிப் புயலில் ஃபைபர் படகு போய்விட்டது,
கூடவே எஞ்சினும்.
கடிதம் முக்கால் பக்கம்தான்.
மூன்றாம் வரியில் உட்கார்ந்திருந்தது அந்தச் சொல்:
டூபியஸ்.

"டூப்பா?" என்றார்.

டூப்பு இல்லைம்மா.
டூப்பு என்றால் பொய் என்று முடிந்துபோகும்.
இது முடியாது.
பொய் என்று எழுதத் தைரியம் இல்லை,
மெய் என்று எழுத மனசு இல்லை.
உப்பனாறு கடலில் சேருகிற இடத்துத் தண்ணீர் மாதிரி,
வாயில் வைத்தால்தான் தெரியும்,
வைத்தாலும் தெரியாது.

அந்தச் சொல்லுக்கு இரண்டு வாசல்.
உதட்டைப் பிதுக்குகிற சர்வேயரும் டூபியஸ்,
அவர் பிதுக்குவதற்குக் காரணமான பில்லும் டூபியஸ்.
ஒரே சட்டை.
இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.
அழுக்கு யாருடையது என்று
அந்த ஊரில் கேட்பாரில்லை.

நமக்கு அது நடக்காது.
நம்மிடம் சந்தேகம், பசி மாதிரி, காய்ச்சல் மாதிரி,
ஒருத்தருக்கு வந்தாக வேண்டும்.
எனக்குப் பசி.
பிள்ளைக்குக் காய்ச்சல்.
சர்வேயருக்குச் சந்தேகம்.
அந்தச் சின்ன 'கு'
ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐயம் என்று போடலாமா என்று பார்த்தேன்.
பழைய தமிழில் அதற்குப் பிச்சை என்றும் பொருள்.
மூன்று வருஷம் பிரீமியம் கட்டியவர்
எதிரே உட்கார்ந்திருக்கிறார்.
விட்டுவிட்டேன்.

வழக்கமாக நான் அடிப்பது
'சந்தேகத்துக்கு இடமானது.'
அடித்துப் படித்துக் காட்டினேன்.

"இடமா?

அந்த ஆளு வந்து போட்டோ புடிச்சாரே சார்,
படகு நின்ன இடத்த.
கட்டுன முளைக்கட்ட இருந்துச்சு.
டீசல் சொட்டுன மணலு கறுப்பா இருந்துச்சு.
இடம் மட்டுந்தான் சார் இருந்துச்சு.
அது இருந்ததுதான் தப்பா?"

நான் ஒன்றும் பேசவில்லை.
உள்ளதைச் சொன்னால், எனக்கும் இருந்தது.
எஞ்சின் நம்பரில் ஒரு ஏழு.
பேனா இரண்டு தடவை போன ஏழு.
கேட்டும்விட்டேன்.

"எங்க கொழுந்தன் எழுதுனது.
அவன் எதையும் ரெண்டு தடவதான் எழுதுவான்.
எங்க மொய் நோட்டப் பாருங்க,
ஒரே ஆளு ரெண்டு எடத்துல வச்சிருப்பாரு."

சிரித்தார். நானும் சிரித்தேன்.
சந்தேகம் போகவில்லை.
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

கடைசியில் அடித்தது:
'இந்தக் கோரிக்கையில் எங்கள் சர்வேயருக்குச் சந்தேகம் உள்ளது.'
அடித்த பிறகுதான் பார்த்தேன்,
என்ன சந்தேகம் என்று வரி நின்று கேட்கிறது.
கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை.
டூபியஸ் இருந்தவரை
கேள்வியே இல்லை.

"அப்ப அதையே கேட்டு ஒண்ணு எழுதுங்க.
யாருக்கு, எதுல. ரெண்டே கேள்வி."

எழுதினேன், இங்கிலீஷில்.
முதல் பக்கத்துக்கு அறுபது ரூபாய்.
இரண்டாவதுக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு.

வீட்டில் வேதவல்லி பிரித்து முகர்ந்தாள்.
"மழைக்கு முன்னாடி காஞ்சதா, பின்னாடியா?"
தெரியாது என்றேன்.
ஒன்றை எடுத்துக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தாள்.

எதிர்வீட்டுப் பூனை ஏறி வந்தது.
முகர்ந்தது.
தின்னவில்லை.
போகவும் இல்லை.
வாலை மட்டும் ஒருமுறை
இந்தப் பக்கம் போட்டு, அந்தப் பக்கம் போட்டது.

இங்கிலீஷாக இருந்தால்
ஒரே சொல்லில் பூனையையும் கருவாட்டையும் முடித்துவிட்டு
உள்ளே போயிருப்பேன்.
இருட்டுகிறவரை அங்கேயே நின்றேன்.