ஏழு வினாடி

படிவம் கேட்கிறது: ஆராய்ச்சி ஆண்டுகள்.
இருபத்தெட்டு என்று போட்டேன்.
பிரதான பங்களிப்பு, ஐம்பது சொற்களுக்குள்.
பேனாவை மூடிவிட்டு யன்னலால் பார்க்கிறேன்.
மதிலோரம் இரண்டு மான்கள்
யாரோ எறிந்த பாண்துண்டைத் தின்கின்றன.

புல்மோட்டைக் கறுப்பு மணல்
கப்பலில் ஏறிப் போகும்.
போனதில் ஒரு பிடி
எங்கோ உருகி, பளிங்காகி,
சின்னிவிரல் நகமளவில் சதுரமாய்
கூரியரில் என்னிடம் திரும்பி வந்தது.
விலையைக் கேட்டுக்
கணக்காளர் கண்ணாடியைக் கழற்றினார்.

அதன் முகத்தைப் பார்ப்பது என் தொழில்.
வரிசை வரிசையாய் ஒட்சிசன்,
இடையிடையே ஒன்று இல்லாத இடம்.
தண்ணீர் அங்கேதான் வந்து ஒட்டும், உடையும்.
பார்ப்பதென்றால் கண்ணால் அல்ல.
டங்ஸ்டன் கம்பியைக் காரத்தில் தோய்த்து
நுனியில் ஓரணு மிஞ்சும்வரை அரிக்கவிட்டு,
தொட ஒரு நனோமீற்றர் இருக்க
நிறுத்திவைப்பது.
நடுவில் பாலம் இல்லை.
இருந்தும் மின்னோட்டம் கடந்துவிடும்.
அப்போது கிண்ணியாவுக்கும் பாலம் இல்லை,
லாபிர் பாதையில் ஏறித்தான் வேலைக்கு வருவான்.
அவனுக்கு இதை நான் விளங்கப்படுத்தவில்லை.

சோதனைச் சாவடியில் கம்பிச்சுருளைத் தூக்கிப் பிடித்து
"மே மொனவத?" என்றான் ஒருத்தன்.
ஊசி என்றேன்.
எதைத் தைக்க?
பார்க்க, என்று சொல்லுமளவுக்குத்தான்
என்னிடம் சிங்களம் இருந்தது.
சிரித்துவிட்டு விட்டான்.

வாடைக்காலம் வந்தால் படம் கெடும்.
வரிசைகள் நெளியும்,
ஏழு வினாடிக்கு ஒரு நெளிவு.
கரண்டில் பிழை என்றேன், மாவு ஆலை என்றேன்.
கருவியைச் சைக்கிள் ரியூபில் தொங்கவிட்டோம்,
மணற்பெட்டியில் இருத்தினோம்.
ஒருநாள் லாபிர் கைமணிக்கூட்டோடு போய்
சுவாமிமலை அடிவாரத்தில் நின்று
எண்ணிக்கொண்டு வந்தான்.
"அலைதான் மிஸ். ஏழு."
கச்சானில் கடல் படுத்துவிடும், படமும் தெளியும்.
என் நல்ல கட்டுரைகள் எல்லாம்
கச்சான் கட்டுரைகள்.

பிறகு அந்த ஞாயிறு.
நத்தாருக்கு மறுநாள், போயா.
இரவெல்லாம் ஓடிய ஸ்கேன் முடியப்போகிற நேரம்,
காலை ஏழு மணி தாண்டி மூன்றோ நாலோ நிமிடம்,
ஊசி பாய்ந்து பளிங்கில் குத்தியது.
பதினொரு நனோமீற்றர் அகலம்,
ஆழம் நாலு.
லொறியைத் திட்டினேன், உவர்மலை ரோட்டைத் திட்டினேன்,
கதவை அடித்துச் சாத்தினாய் என்று
லாபிரையும் திட்டினேன்.
உடுப்பு மாற்றி, வீட்டுக்குப் போக நின்றவன்.
"இரு, புது ஊசி ஒன்று அரிச்சுத் தந்திட்டுப் போ."

ஒன்றரை மணித்தியாலம்.
காரக் குவளைக்குள் நுனி மெலிவதை
குனிந்து பார்த்தபடி இருவரும்.
சின்னச் சின்னக் குமிழ்.
வெளியே வெயில் ஏறியது.
ஒன்பது மணியளவில்
கீழே சத்தம் கேட்டது.

கிண்ணியாவில் அவன் வீட்டில்
அன்று மூன்று பேர் இருந்தார்கள்.

பிறகு வேலைக்கு வந்தான்.
மறித்து வைத்ததற்கு நன்றி என்றான்.
மறித்து வைத்ததற்கே
ஒரு வருடம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊசிக்கு இரண்டு மணித்தியாலம் முன்னே தெரிந்திருக்கிறது.
எனக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை.
குழியின் படம் 'பழுது' என்ற கோவைக்குள் கிடக்கிறது.
எந்தச் சஞ்சிகைக்கும் அனுப்பவில்லை.
பளிங்கு லாச்சியில், பஞ்சுக்குள்.
வெளிச்சத்தில் பிடித்தால்
ஒரு கீறலும் தெரியாது.

ரூட்டைல் மேற்பரப்பில் ஒட்சிசன் வெற்றிடங்களும்
நீர்மூலக்கூறு பிரிதலும், என்று தொடங்கி
நாற்பத்தொரு சொல்லில் முடித்தேன்.
ஒன்பது மிச்சம்.

லாபிர் கதவால் எட்டிப் பார்க்கிறான்,
தலை முழுக்க நரை.
"வாட தொடங்கிட்டு மிஸ்.
இண்டைக்கி ஓட்டுறயா?"

ஓட்டு என்றேன்.