ஏலப் பட்டியலில் ஒரு திருத்தம்

லட்லோ ஊரில், ஏலக் கம்பெனியின் பின்னறையில்
பதினெட்டு வருடமாய் வண்டிகளுக்கு வாசகம் எழுதுகிறேன்.
என் ஆயுதங்கள்: ஒரு காந்தம், ஒரு டார்ச்,
மண்டியிட ஒரு பழைய சாக்கு.
காந்தம் ஒட்டினால் தகரம்.
வழுக்கினால் பட்டி பார்த்த இடம்.

'கொட்டகையில் கண்டெடுத்தது' என்று வந்த ஜாகுவாரின் மேல்
வாக்குவம் கிளீனர் பையை உதறிய தூசி.
தூசிக்குள் நாய் மயிர், சிவப்பாய் ஒரு சட்டைப் பொத்தான்.
கொட்டகையில் அது உறங்கியது மொத்தம் ஒன்பது நாள்.

'ஒரே கை' என்றார் இன்னொருவர்.
உண்மைதான். ஒரு பிஸ்கட் கம்பெனியின் கை.
கிளட்ச்சை மிதித்தவை
நாற்பது விற்பனைப் பிரதிநிதிகளின் கால்கள்.

'ஓட்டத்துக்குத் தயார்' என்றால்
சாலை இறக்கமாய் இருக்கிறது என்று பொருள்.

இவற்றோடெல்லாம் சிரித்துப் பழகிவிட்டேன்.
எனக்குச் சண்டை ஒரே சொல்லோடுதான்:
அசல்.

கடன் கொடுத்தவனுக்கு அசல் அப்படியே நிற்கும்,
வட்டி மேலே மேலே ஏறும்.
இங்கே வட்டிக்குத் துரு என்று பெயர்.
அது அசலைத்தான் தின்று வளர்கிறது.
அறுபது எழுபது வருடம் மழை கண்ட எதில்
எவ்வளவு அசல் மிஞ்சும்?
போன டிசம்பரில் என் இடது இடுப்பை மாற்றினார்கள்.
எண்கள் பொருந்தாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நாற்பத்தேழாம் எண்: ரைலி, கரும்பச்சை,
ஐம்பத்தைந்தாம் வருடத்து வண்டி.
விற்பவர் ஈனிட் கட்வாலடர்,
வேல்ஸ் எல்லையோரம் ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர்.
கணவர் ரோட்ரி இறந்து பதினோரு மாதம்.
நோட்டுப் புத்தகத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்து:
எண்ணெய் மாற்றிய தேதிகள், மைல் கணக்கு,
முதல் பக்கத்தில் அடிக்கோடிட்டு
'கதவு, பெயிண்ட், எல்லாம் அசல்.'

காந்தம் இடது கதவில் நன்றாகவே ஒட்டியது.
ஆனால் உள்விளிம்பில், ரப்பருக்கு அடியில்,
வேறொரு நிறம். பாலாடை நிறம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
டார்ச்சை அணைக்க மட்டும் கொஞ்சம் நேரமாயிற்று.

அவரே சொன்னார்:
"அது உடைத்து விற்ற வேறொரு வண்டியின் கதவு.
எழுபத்தெட்டில், பழைய கதவை
வாசல் தூணில் இடித்தது நான்.
அவர் அதை எங்கேயும் எழுதவில்லை.
நீங்கள் எழுதுங்கள்."

"அக்கறையோடு பராமரிக்கப்பட்டது, போதும்"
என்றார் முதலாளி கிளெமென்ட் ஹாட்லி,
"அதில் பொய் ஏதும் இல்லையே."
பொய் இல்லைதான். மெய்யும் இல்லை.
இரண்டுக்கும் நடுவே எங்கள் தொழிலுக்கு
ஒரு பெரிய கிடங்கு உண்டு,
வாடகை கூடக் கிடையாது.

நான் எழுதினேன்:
பெயிண்ட் இரண்டாம் முறை அடித்தது.
இன்ஜின் எண் பொருந்துகிறது.
கியர் பெட்டி எண் பொருந்தவில்லை, காரணம் தெரியவில்லை.
1978இல் ஒரு சிறு விபத்து;
இடது கதவு வேறு வண்டியுடையது.
பின் இருக்கையில் ஆட்டு வாடை, போகாது.

சரிபார்க்க அனுப்பிய தாள்
நான்காம் நாள் தபாலில் திரும்பியது.
ஆட்டு வாடைக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு 'ஆமாம்'.
'சிறு' அடிக்கப்பட்டிருந்தது.
'விபத்து'ம், தாள் கிழிகிற அளவுக்கு.
ஓரத்தில் ஒரு வரி:
"தூண் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும்."

எங்கள் பட்டியலில் அதற்குச் சொல் இல்லை.
மதியம் முழுக்கத் தேடினேன்,
டீ ஆறிப்போயிற்று.
கடைசியில் '1978இல் ஒரு மோதல்' என்று போட்டேன்.
அப்படியே அச்சுக்குப் போனது.
கிளெமென்ட் மதிப்பில்
ஆயிரத்தைந்நூறு பவுண்டு குறைத்தார்.