சாயம் ஏற்றுவதற்கு முன்

நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று.
புந்தா அரேனாஸில் அது செய்தியில்லை.
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

அப்படிப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்
ஸ்வோனிமிர் பார்ரியா, வயது அறுபத்தெட்டு,
தகர வீடுகளுக்குச் சுவர் பழுது பார்ப்பவர்.
தோள்பட்டைகளுக்கு நடுவே யாரோ
உளி வைத்து இழுத்ததுபோல் இருந்ததாம்.
எப்போது என்றதற்கு
கெட்டில் விசிலடிக்கத் தொடங்கும்போது என்றார்.
துல்லியமான ஆள்.

அவசரப் பிரிவுச் சீட்டில் ஒரே வரி:
மகாதமனிக் கிழிசலா, பார்க்கவும்.

கிழிசலைத் தேடத் தெரியும் எனக்கு.
சாயம் ஓடி வெள்ளையாய்ப் பொங்கும் குழாய்க்குள்
மெல்லிய கருங்கோடு ஒன்று
கொடியில் காயும் துணி விளிம்பாய் நெளிந்திருக்கும்.
ஒரு பாதை மெய், ஒரு பாதை பொய்.

இங்கே அது இல்லை.
மேலிருந்து கீழே உருட்டினேன், கீழிருந்து மேலே.
வட்டம். வட்டம். வட்டம்.
விளிம்பில் மட்டும் கொஞ்சம் சாம்பல் தடிப்பு.
வயதாகிறது, கொழுப்பு.
"குறிப்பிடத்தக்க மாற்றம்" வரை தட்டிவிட்டேன்.
அடுத்த சொல் "இல்லை".

உலீசெஸ் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வந்தான்,
வாயில் ரொட்டி.
"சாய மருந்து குளிர்ந்து கிடந்தது டாக்டர்.
சூடேறும் வரை சும்மா இருப்பானேன் என்று
வெறும் படமும் ஒரு சுற்று எடுத்தேன்.
அழித்துவிடட்டுமா?"

வெறும் படத்தில்
ஓடும் இரத்தம் மங்கல்தான்,
நாற்பது ஹவுன்ஸ்ஃபீல்டு, அரிசி கழுவின தண்ணீர்.
கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள இடைவெளியை நெருக்கினேன்.
இன்னும் நெருக்கினேன்.
இறங்கு தமனியின் இடப்பக்கச் சுவருக்குள்
எழுந்தது பிறை.

மூன்றாம் பிறையின் வளைவு. ஒன்பது மில்லிமீட்டர் தடிமன்.
அறுபத்தெட்டு ஹவுன்ஸ்ஃபீல்டு.
அவர் வயதும் அதே எண்;
தற்செயல், ஆனாலும் ஒரு கணம் கை நின்றது.
உறைந்து கெட்டித்த, சாயம் தீண்டாத இரத்தம்.
உட்சுவரில் பல வருடமாய்ப் படிந்த சுண்ணாம்புத் துணுக்கு
இடம் பெயர்ந்து உள்ளே தள்ளப்பட்டிருந்தது,
நெரிசலில் ஒதுங்குகிறவன் மாதிரி.
கிழிசல் இல்லை. வாசல் இல்லை.
சுவருக்குச் சோறூட்டும் மயிரிழைக் குழாய்களில் ஏதோ ஒன்று
உள்ளேயே உடைந்து
கேட்டதற்கு மேல் கொடுத்திருக்கலாம்.

சாயத்தின் வெளிச்சத்தில் இதைத்தான்
கொழுப்பு என்று தாண்டிப் போனேன்.
பகலிலும் பிறை இருக்கும். தெரியாது, அவ்வளவுதான்.

நானே போய்ச் சொன்னேன்.
தாளில் வரையத் தொடங்கியதும் கையமர்த்தினார்.
"வெளியே தகரம், உள்ளே பலகை, நடுவில் பழைய செய்தித்தாள்.
தண்ணீர் நடுவில் இறங்கிருச்சு.
அறைக்குள்ள ஒரு சொட்டு இருக்காது.
எங்கே ஒழுகுது காட்டு என்று
வீட்டுக்காரம்மா சண்டைக்கு வருவாங்க.
பலகை வயிறு தள்ளியிருக்கும், அதைத் தடவிப் பார்க்கணும்."
ஆமாம் என்றேன்.
செய்தித்தாளைத் தவிர எல்லாம் சரி.

"பிரிச்சு எடுக்கணுமா?"

ஏறு தமனி என்றால் சந்தியாகோவுக்கு விமானம் வேண்டும்;
இன்று கடற்காகமே பறக்கவில்லை.
இவருக்கு இறங்கு தமனி. ஆகவே
அழுத்தத்தைத் தணிப்பது, நாடியை அறுபதுக்குள் அடக்குவது,
மூன்றாம் நாள் மறுபடி படம்.
சிலருக்கு வற்றிவிடும்.
சிலருக்குச் சுவர் உள்ளே திறந்துகொள்ளும்.
எந்தச் சிலர் என்பதைப்
பெரும்பாலும் படம் முன்கூட்டிச் சொல்வதில்லை.

"காயவிடறது," என்றார் கண்ணை மூடி.
"அதுக்கு எவனும் கூலி தர மாட்டான்."

திரும்பி வந்து
தட்டிவைத்திருந்த இரண்டு சொற்களையும்
ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.
உலீசெஸ் நாற்காலியிலேயே தூங்கியிருந்தான்,
மடியில் ரொட்டித் துகள்.
நன்றி சொல்ல எழுப்பவில்லை.
எழுப்பியிருந்தால் நடந்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

காலை ஆறு மணி. கயிறு. வீட்டுக்குப் போகும் வழியில்
எதிர்ப்பட்ட தகரச் சுவர் ஒன்றில்
உள்ளங்கையை வைத்தேன்.
துடித்தது.

காற்றுதான்.