கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே

டேல் விட்டுப் போனவை:
கட்டாத கார்த் தவணை இரண்டு,
ஒற்றைக் கையுறை,
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தாடி ஓணான்.
வேலியில் போனதை எடுத்து
நானாக விட்டுக்கொண்டதல்ல.
வீட்டில் அது இருந்தது.
நானும் இருந்தேன்.

பெட்டிமேல் ஒட்டிய தாளில் அவன் கையெழுத்து.
எனக்கு எழுதியது எதிலும்
இத்தனை கவனம் இருந்ததில்லை.

விளக்கு காலை ஏழுக்கு.
பாறைமேல் நூறு டிகிரி, குறையக் கூடாது.
கடுகுக்கீரை தினமும்.
பசலை வேண்டாம், எலும்புக்குப் போகும் சுண்ணாம்பை
வழிமறித்துவிடும்.
மின்மினி ஒன்றே ஒன்று போதும், செத்துவிடும்.
சுவர்க்கோழி கொடுக்கலாம். ஆனால்
அதன் இரு கண்ணுக்கும் இடையே உள்ள அகலத்தை
மீறிய எதையும் ஊட்டாதே.
பெரிதாய் விழுங்கினால் பின்னங்கால் விளங்காது.

டுலூத்தில் இரவெல்லாம் பனி வாரும் லாரி ஓட்டுகிறேன்.
ஏரிக்கு இறங்கும் சரிவுகளில்
நான் வழித்த தெருவை எனக்குப் பின்னாலேயே
வானம் மறுபடி மூடிக்கொண்டு வரும்.
ஊருக்குச் சூரியன் வர எட்டாகும்.
என் வீட்டில் ஏழுக்கே,
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்,
சுவிட்சைத் தட்டுவேன்.

முதல் நாள் அது ஒரு கையைத் தூக்கி
மெல்ல, வட்டமாக, ஆட்டியது.
நானும் ஆட்டினேன்.
ஒரு வாரம் இப்படியே நடந்தது எங்கள் குசலம்.
பிறகு மருத்துவமனையில் மாரிட் சொன்னாள்:
அது வணக்கமில்லை.
‘நீ பெரியவள், என்னை ஒன்றும் செய்துவிடாதே.’
ஆக, ஏழு நாளாக
ஒருவர் காலில் ஒருவர் விழுந்துகொண்டிருந்திருக்கிறோம்.

திங்கள்தோறும் ஐம்பது சுவர்க்கோழி.
அவற்றுக்குக் காரட், ஓட்ஸ், ஆரஞ்சுச் சுளை.
இரைக்கு நான் போடுவதுதான் இதற்குச் சேரும்.
பிறகு பையிலிட்டுச் சுண்ணாம்புப் பொடியில் குலுக்கினால்
பஸ்ஸைத் தவறவிட்டுப் புயலில் நின்றவர்கள்போல
வெளுத்துப் போய் நடந்து வரும்.

ஜனவரி நடுவில் சாப்பாட்டை நிறுத்தியது.
கட்டைக்கு அடியில் போய்,
சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.
‘பனிக்காலத் தூக்கம். வற்புறுத்தாதே,
குடலில் தங்கினால் அழுகும்’ என்றாள் மாரிட்.
சமையல் தராசில் வாரம் ஒருமுறை:
நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
நானூற்றுப் பதினொன்று.
சாகவில்லை என்பதற்கு
அந்த ஒரு கிராம்தான் சாட்சி.

யாரும் தின்னாத சுவர்க்கோழிகளுக்கு
நான் காரட் நறுக்கியபடி இருந்தேன்.
ஒன்று தப்பி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்
பாட ஆரம்பித்தது.
வெளியே சுழியத்துக்குக் கீழே இருபது,
உள்ளே ஆகஸ்ட் மாத இரவு.
பகலில்தான் எனக்குத் தூக்கம்.
அந்தச் சத்தத்தின் மேல் தலை வைத்துப் படுத்தேன்.

டேல் கூப்பிட்டான்.
‘சாப்பிடுகிறதா?’
தூங்குகிறது என்றேன்.
அப்புறம் நாற்பது நிமிடம் அவனே பேசினான்.
வருத்தமாம். வரட்டுமா என்றான்.
போனைக் காதில் வைத்தபடி
என் இரு கண்ணுக்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தேன்.
ஒன்றரை விரல்.
தவணை ரசீதை அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி கடைசி வெள்ளி.
கட்டைக்கு வெளியே ஒரு நகம்,
பிறகு தாடை.
வெதுவெதுப்பான நீரில் இறக்கினேன்.
நக்கி நக்கிக் குடித்தது,
கடன் வசூலிப்பவன்போல, அவசரமில்லாமல்.
துண்டால் துடைத்துத் தோளில் ஏற்றிக்கொண்டு
அடுப்படிக்குப் போனேன்.

தரையில் நடந்து வந்தது பாடகன்.
ஒரு கால் இல்லை. மெலிந்திருந்தது.
எவ்விதத்திலும் அளவுக்கு உட்பட்டதுதான்.
என் தோளில் அந்தத் தலை
ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

நான் குனிந்தேனா,
அது தாவியதா,
இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

தாளில் எழுதியிருந்தபடி
தண்ணீர் மாற்றினேன்.
எடை போட்டேன்: நானூற்றுப் பத்து.
அன்று பகல் முழுக்க
தூக்கம் வரவில்லை.